மலைப்பாதையில் இழுவைப்பெட்டி: கையிருப்புக்கேற்ற வண்டியைத் தெரிந்தெடுத்தல்

கம்பளைப் பகுதி நெல், மரக்கறிக் கமக்காரர்க்கு

நெல் மூட்டையையும் மரக்கறிக் கூடையையும் சந்தைக்கு அனுப்பவும், விலைக்கு வாங்கிய பாற்பசுவைத் தொழுவத்துக்குக் கொண்டுவரவும், சொந்தமாக ஓர் இழுவைப்பெட்டியும் அதனை இழுக்க ஒரு வண்டியும் இருந்தால் நலமென்று எண்ணும் கமக்காரர் நம் பகுதியில் பலர். அவர்கள் கமநல சேவை நிலையத்துக்கு வந்து கேட்கும் முதற் கேள்வி, “எத்தனை குதிரைவலு உள்ளதை வாங்கலாம்?” என்பதே. கேள்வி பிழையன்று. ஆயினும் முதலிற் கேட்க வேண்டியது அதுவன்று. “பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது இவ்வண்டி அப்பாரத்தைத் தாங்கி நிற்குமா?” என்று கேட்டல் வேண்டும். ஏற்றத்தில் இயலாத வண்டி வழியில் நின்றுவிடும். அதனால் ஒரு நாள் வேலை கெடும். இறக்கத்தில் இயலாத வண்டியோ நிற்பதில்லை. அதனால் கெடுவது இன்னதென்று மலைநாட்டில் வாழ்வோர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

பேராதனையிலிருந்து கெலிஓயா, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா செல்லும் ஏ-5 பெருந்தெருவை நோக்குக. கம்பளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இவ்வொரு வழியிலேயே ஆயிரத்து முந்நூறு மீற்றருக்கு மேற்பட்ட ஏற்றமும், திரும்பி வருகையில் அவ்வளவு இறக்கமும் அடங்கியுள்ளன. 2025 மே 11 ஆம் நாள் றம்பொடைக்கு அண்மையில் கெரண்டி எல்லப் பகுதியில் பயணிகள் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தமை இவ்வீதியிலேயே நிகழ்ந்தது. பெருந்தெருவின் நிலை இதுவாயின், உலப்பனை, அட்டபாகை, குறுந்துவத்தை ஆகிய பக்கங்களிற் பிரிந்து செல்லும் ஊர்ப்பாதைகளையும், தேயிலைத் தோட்டங்களுக்குள் வளைந்து ஏறும் கல்லுப்பாதைகளையும் பற்றிக் கூறவேண்டியதில்லை. சமவெளியில் பொலன்னறுவைக் கமக்காரர் ஒருவருக்கு மிகப் பொருத்தமான வண்டி, நமக்குப் பொருந்தாமற் போகலாம்.

பாரத்தின் கணக்கு

வண்டி வாங்குமுன் பாரத்தை அறிதல் வேண்டும். பலரும் ஏற்றும் பொருளின் எடையை மட்டுமே எண்ணுகின்றனர். பெட்டியின் எடையையும் அதிலமர்ந்து செல்வோரின் எடையையும் மறந்துவிடுகின்றனர்.

இருசில்லு உழவு இயந்திரத்துக்குப் பின்னாற் பூட்டும் இரும்புப்பெட்டி ஏறத்தாழ 300 கிலோகிறாம் இருக்கும் எனக் கொள்வோம். அதில் 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு ஒன்று நிற்கின்றது. முன்னிருக்கையில் ஓட்டுநர் ஒருவரும், பசுவுக்கு வேண்டிய புல்லும் சேர 100 கிலோ. ஆகப் பெட்டி 800 கிலோ. இயந்திரம் 400 கிலோவாயின் யாவும் சேர்ந்து 1,200 கிலோ.

பத்தடி நடக்க ஓரடி உயரும் ஏற்றத்தில் இதனை ஏற்றும்போது, மொத்த எடையிற் பத்திலொரு பங்கு, அதாவது 120 கிலோ, பின்னோக்கி இழுக்கின்றது. கல்லுப்பாதையில் சில்லு உருளும் தடைக்கு மேலும் ஒரு 60 கிலோ சேர்க்க, இயந்திரம் 180 கிலோ இழுவிசை தருதல் வேண்டும். மணித்தியாலத்துக்கு ஆறு கிலோமீற்றர் வேகத்தில் இதற்குத் தேவைப்படும் வலு, பற்சக்கரங்களில் வீணாவதையும் சேர்த்து, ஐந்து குதிரைவலுவளவேயாம். சாதாரணமாக விற்கப்படும் இருசில்லு இயந்திரங்கள் பன்னிரண்டு குதிரைவலுவை அண்மித்தவை. ஆகவே வலுவிற் குறைவில்லை என்பது தெளிவு.

குறைவது பிடிப்பு. இயந்திரத்தின் 400 கிலோவும், பெட்டியின் ஏர்க்காலிலிருந்து அதன்மேல் இறங்கும் 80 கிலோவும் சேர்ந்து 480 கிலோவே சில்லுகளை நிலத்தில் அழுத்துகின்றன. உலர்ந்த பாதையில் இதிற் பாதிக்கு மேற்பட்ட விசையைச் சில்லுகள் தரையிற் பற்றி இழுக்கும். 180 கிலோ எளிதிற் கிடைக்கும். மழை பெய்து களிமண்ணும் இலைச்சருகும் படிந்த பாதையிலோ மூன்றிலொரு பங்கும் கிடைப்பதரிது. அப்போது எத்தனை குதிரைவலு இருந்தும் சில்லு நின்ற இடத்திலேயே சுழலும். வலுக்கூடிய இயந்திரத்தை வாங்கினால் அது இன்னும் வேகமாகச் சுழலுமேயன்றி ஏறாது.

ஆகையால், விலை கூறுபவர் குதிரைவலுவைப் புகழ்ந்துரைக்கும்போது நீங்கள் எடையைக் கேளுங்கள். தன் எடையைவிட இரண்டு மடங்கு பாரத்தை இழுக்கும் வண்டி சமநிலத்தில் இழுக்கும். மலையில் அப்பாரம் அவ்வண்டியை இழுத்துச் செல்லும். தடுப்பு இல்லாத இழுவைப்பெட்டியின் மொத்த எடை இழுக்கும் வண்டியின் எடையிற் பாதியைத் தாண்டலாகாது என்பது பல நாடுகளிற் கைக்கொள்ளப்படும் விதி. அவ்விதி சமவெளி நாடுகளுக்கும் உரியதே. நம் பாதைகளுக்கு அது மிகக் கூடிய எல்லையென்று கொள்ளுதல் நன்று.

மேற்கூறிய உதாரணத்தில் இயந்திரம் 400 கிலோ. பெட்டி 800 கிலோ. விதியின்படி அது தகாது. எனினும் நம் பகுதியில் நாள்தோறும் ஓடுவது இதுவே. இதனைச் செய்யலாகாது என்று கூறிவிட்டு வாளாவிருத்தல் போதனாசிரியருக்கு எளிது, கமக்காரருக்குப் பயனில்லை. பெட்டியில் நல்ல தடுப்பு இருந்தாலன்றி இதனைச் செய்யலாகாது என்பதே கூறத்தக்கது. பெட்டியின் முன்னிருக்கையின் கீழ் மிதி ஒன்று இருக்கும். அதனை மிதித்தால் பெட்டியின் இரு சில்லுகளும் இறுகவேண்டும். பழைய பெட்டிகளிற் பலவற்றில் மிதி மட்டும் இருக்கின்றது. அதன் கீழுள்ள கம்பி துருப்பிடித்து அறுந்தோ, உள்ளிருக்கும் பட்டைகள் தேய்ந்தோ போயிருக்கின்றன. வாங்குமுன் ஒருவரை மிதியில் அமர்த்தி, இருவர் பெட்டியைத் தள்ளிப் பாருங்கள். ஒரு சில்லு மட்டும் இறுகினாலும் அப்பெட்டி ஆபத்தானதே. அது இறக்கத்தில் ஒரு பக்கமாக இழுக்கும்.

இறக்கத்தில் எதிர்மாறாகத் திரும்பும் இயந்திரம்

இருசில்லு உழவு இயந்திரத்தை லாண்ட்மாஸ்டர் என்றே நம்மவர் அழைக்கின்றனர். முற்காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இயந்திரத்தின் பெயர், பின்னர் யப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த யாவற்றுக்கும் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. விலை குறைந்தது, வயலிலும் உழும், வீதியிலும் இழுக்கும், மணித்தியாலத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் டீசலோடு வேலை செய்யும். ஓரிரு ஏக்கர் வயலும் சிறிது மரக்கறித் தோட்டமும் ஓரிரு பசுக்களும் உடையவர்க்கு இதனினும் ஏற்ற வண்டி இல்லையென்றே கூறலாம். ஆனால் இதனைப் பற்றி ஒரு செய்தியை விரிவாகக் கூறவேண்டியுள்ளது. வாங்குவோர் ஒவ்வொருவரும் இதனை விளங்கிக் கொள்ளும்வரை இயந்திரத்தைப் பெட்டியுடன் பூட்டலாகாது.

கைப்பிடிகள் இரண்டின் கீழும் இரண்டு சிறு பிடிகள் உள்ளன. சமநிலத்தில் இடப்பிடியை அழுத்தினால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். வலப்பிடியை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும். இடப்பிடி இடச்சில்லை இயந்திரத்தின் வலுவிலிருந்து விடுவிக்கின்றது. வலச்சில்லு மட்டும் முன்னோக்கி உந்துவதால் இயந்திரம் இடப்பக்கம் திரும்புகின்றது. காரணம் இவ்வளவே.

இப்பொழுது பாரத்துடன் இறக்கத்தில் வருவதை எண்ணிப் பாருங்கள். இங்கே இயந்திரம் சில்லுகளை உந்துவதில்லை. பெட்டி பின்னாலிருந்து தள்ள, இயந்திரம் கியரின் வழியாகச் சில்லுகளைத் தடுத்துப் பிடித்துக் கொண்டிருக்கின்றது. இந்நிலையில் இடப்பிடியை அழுத்தினால், இடச்சில்லு அப்பிடியிலிருந்து விடுபட்டுத் தன்னிச்சையாக முன்னோக்கி ஓடுகின்றது. வலச்சில்லு தடுக்கப்பட்டே நிற்கின்றது. விளைவாக இயந்திரம் வலப்பக்கம் திரும்புகின்றது. இடப்பக்கம் மலையும் வலப்பக்கம் பள்ளமும் உள்ள பாதையில், மலைப்பக்கம் ஒதுங்க எண்ணி இடப்பிடியை அழுத்தியவர் பள்ளத்தை நோக்கித் திரும்புவார். திரும்புகின்றதைக் கண்டு அச்சத்தால் இன்னும் இறுக அழுத்துவார். இயந்திரம் இன்னும் திரும்பும்.

நான் பண்ணைப் பாடசாலையிற் பயின்ற காலத்தில் இதனை ஏட்டிற் படித்திருந்தேன். தேர்விலும் சரியாக எழுதியிருந்தேன். ஆயினும் சாணம் ஏற்றிய பெட்டியுடன் ஒரு சிறு சரிவில் இறங்கியபோது கை பழக்கத்தால் பிடியை அழுத்திற்று. பள்ளம் இருக்கவேண்டிய இடத்தில் அன்று ஒரு நீரோடையும் சேறும் இருந்தமையால் இன்று இதனை எழுதுகின்றேன். படித்தது தலையில் இருந்தது. கை அதனைக் கேட்கவில்லை. எனவே வாசித்தறிந்தால் போதும் என்று எண்ணாதீர்கள். வெறும் பெட்டியுடன், இரு பக்கமும் வயலாகவுள்ள ஒரு சிறு சரிவில், மெதுவாகப் பலமுறை இறங்கிக் கையைப் பழக்குங்கள். வீட்டில் ஓட்டும் இளைஞரையும் இவ்வாறே பழக்குங்கள்.

இறக்கத்தில் செய்யவேண்டியது வருமாறு. சரிவின் தலையிலேயே வண்டியை முற்றாக நிறுத்துக. அவ்வேற்றத்தை எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குக; ஐயமிருப்பின் அதற்கும் ஒரு படி தாழ்ந்த கியரைப் போடுக. பாதி வழியில் கியரை மாற்றவோ, பெரிய கிளச்சைப் பிடிக்கவோ வேண்டாம். பிடித்த கணமே இயந்திரத்தின் தடை நீங்கி, 1,200 கிலோவும் தன்போக்கில் ஓடத் தொடங்கும். சிறு பிடிகள் இரண்டையும் தொடாமல், கைப்பிடிகளை உடல்வலுவால் அசைத்தே திருப்புக. வேகம் கூடுமாயின் முதலிற் பெட்டியின் தடுப்பை மிதிக்கவேண்டும். இயந்திரத்தின் தடுப்பை முதலிற் பிடித்தால் முன்னே இருப்பது நிற்க, பின்னே வருவது தள்ள, இரண்டும் கத்தரிக்கோல் போல் மடங்கும். எல்லாம் கைமீறின், மலைப்பக்க மண்மேட்டில் இடித்து நிறுத்துக. பெட்டியும் இயந்திரமும் சேதமுறும். அவற்றைத் திருத்திக் கொள்ளலாம்.

நாற்சில்லு இயந்திரமும் பிக்கப் வண்டியும்

நாற்சில்லு உழவு இயந்திரம் எடையுடையது. நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிவரும் மசி பேர்குசன் 135 என்பது ஏறத்தாழ ஒன்றரைத் தொன் எடையுள்ளது. ஆகவே 800 கிலோப் பெட்டியைத் தன்வசம் வைத்திருக்கும். பழையனவற்றுக்கும் உதிரிப்பாகம் கிடைக்கின்றது; கிராமத்து இயந்திரத் திருத்துநர் பெரும்பாலோர்க்கு அதன் உள்ளும் புறமும் தெரியும். ஆனால் படிக்கட்டு வயல்களின் சிறு வரப்புகளுக்கிடையில் அதனைத் திருப்புதல் கடினம். வயலுக்கு உதவாத இயந்திரத்தைப் பெட்டி இழுப்பதற்காக மட்டும் வாங்குதல் வீண்செலவு என்பது என் கருத்து.

வைத்திருப்போர் இரண்டு செய்திகளை மறவாதிருத்தல் வேண்டும். இவ்வியந்திரத்தில் இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் தனித்தனித் தடுப்பு மிதிகள் உள்ளன. வயலில் குறுகத் திரும்ப அவை உதவும். வீதிக்கு ஏறுமுன் இரு மிதிகளையும் இணைக்கும் தாழைப் பூட்டியே தீரவேண்டும். பூட்டாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். இரண்டாவது, பெட்டியை எப்போதும் தாழ்ந்த கொளுவியிலேயே பூட்டுக. மேலேயுள்ள இணைப்பிற் சங்கிலி கட்டி இழுத்தால், ஏற்றத்தில் முன்சில்லுகள் எழுந்து இயந்திரம் ஓட்டுநர்மீதே பின்னோக்கிப் புரளும்.

பிக்கப் வண்டிகளையும், தோட்டத்துரைமார் காலத்திலிருந்து மலைநாட்டில் ஓடும் பழைய லாண்ட் றோவர்களையும் பற்றிப் பலர் கேட்கின்றனர். நான்கு சில்லும் உந்துவதும், தாழ்ந்த கியர்த்தொகுதி தனியாக இருப்பதும் இவற்றின் சிறப்பு. பாரத்துடன் றம்பொடைப் பக்கம் ஏறியிறங்க வேண்டியவர்க்கு அத்தாழ்ந்த கியர் பெருந்துணை. நுவரெலியாவிற் குதிரை வளர்ப்போருக்கும் பந்தயக் காலத்திற் குதிரை கொண்டு செல்வோருக்கும் கூறத்தக்கதும் இதுவே. ஒரு குதிரை 450 முதல் 500 கிலோ வரை நிற்கும். அதற்குரிய மூடிய பெட்டி தானே அதனளவு எடையுள்ளது. ஆகவே ஒரு தொன் பெட்டிக்கு, அதனினும் எடைகூடிய வண்டியும், பெட்டியிற் சொந்தத் தடுப்பும் இல்லாமல் குதிரையை மலையேற்றுதல் தகாது. பெட்டியில் ஏறுவது குதிரையாயினும் எருமையாயினும் பாதைக்கு அது பாரமே.

டிமோ பட்டா போன்ற சிறு லொறிகள் சுமக்கச் செய்யப்பட்டவை, இழுக்கச் செய்யப்பட்டவையல்ல. அவற்றின் பின்னால் கொளுவியை ஒட்டுவித்துப் பெட்டி பூட்டுவோரைக் காண்கின்றேன். மூன்று நான்கு மூட்டை மரக்கறி மட்டும் கொண்டு செல்வோர்க்குப் பெட்டியே வேண்டாம். அச்சிறு லொறியிலேயே ஏற்றலாம். முச்சக்கர வண்டியிற் பெட்டி பூட்டுவது பற்றிக் கேட்பவர்க்கு என் விடை ஒரு சொல்லே: வேண்டாம்.

இறக்கத்திற் பிறக்கும் வெப்பம்

தடுப்பை இடைவிடாது மிதித்தபடி இறங்குவோர் பலர். அதனால் நேர்வதைக் கணக்கிட்டுக் காட்டுகின்றேன். 1,200 கிலோ எடை 300 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, பத்து லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. மூன்று தொன்னுள்ள பிக்கப்பும் பெட்டியும் ஆயின் இருபத்தைந்து லீற்றருக்கு மேல். இவ்வளவு வெப்பமும் தடுப்புப் பட்டைகளிலே இறங்குமாயின் அவை கருகிப் பிடிப்பிழக்கும். திரவத்தால் இயங்கும் தடுப்பாயின் திரவம் கொதித்து, மிதி வெறுமையாகக் கீழே போகும். கியர் தாழ்ந்திருந்தால் அவ்வெப்பத்திற் பெரும்பங்கை இயந்திரமே ஏற்றுப் புகைக்குழல் வழியாகவும் நீர்த்தொட்டி வழியாகவும் வெளியேற்றும். கருகிய வாடை எழுந்தால் இறங்கி நின்று ஆறவிடுக. சூடான தடுப்பின்மேல் நீரூற்ற வேண்டாம், வார்ப்பிரும்பு வெடிக்கும்.

மாட்டுவண்டிக் காலத்தில் நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். புகைவண்டி 1867 இற் கண்டிக்கும் 1874 இல் நாவலப்பிட்டிக்கும் வந்து சேருமுன் மலைநாட்டுக் கோப்பி முழுவதும் மாட்டுவண்டியிலேயே இறங்கிற்று. இறக்கத்தில் மாட்டின் கழுத்தை நம்பி வண்டியை விட்டவர் எவருமில்லை. சில்லுக்குக் கட்டையிட்டே இறக்கினர்.

முன்பாரம், பின்பாரம்

இச்சொற்கள் இரண்டும் வண்டிக்காரர் தந்தவை. இரண்டு சில்லுப் பெட்டியில் பாரம் பின்னால் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும். இழுக்கும் வண்டியின் சில்லுகள் பிடிப்பிழக்கும். வேகத்திற் பெட்டி வாலாட்டும். முன்னால் மிகுந்தால் கொளுவி வளையும். பெட்டியின் மொத்தப் பாரத்திற் பத்திலொரு பங்கு கொளுவியின்மேல் இறங்குமாறு ஏற்றுவதே முறை. 800 கிலோப் பெட்டியாயின் 80 கிலோ. ஏற்றிய பின் கொளுவியைக் கழற்றி, ஏர்க்காலை இருவர் சேர்ந்து தூக்கிப் பாருங்கள். ஒருவர் தனியே இலகுவாகத் தூக்கினால் பாரம் பின்னால் மிகுந்துள்ளது. இருவராலும் அசையாவிடின் முன்னால் மிகுந்துள்ளது. இதனைச் சமநிலத்தில், சில்லுகளுக்குக் கல் வைத்த பின்னரே செய்க.

நெல் மூட்டை வைத்த இடத்தில் இருக்கும், பசு இராது. ஏற்றத்தில் அது பின்வாங்கும், வளைவில் ஒரு பக்கம் சாயும். ஆகையால் தலை முன்னோக்க, கயிற்றைக் குட்டையாகக் கட்டி, பின்னால் அதன் தொடைக்கு நேரே குறுக்கு மரம் ஒன்றை இடுதல் வேண்டும். பலகையின்மேல் மணலையோ தும்புப் பாயையோ விரித்தால் குளம்பு வழுக்காது. வெறும் இரும்புத் தளத்திற் சாணமும் சிறுநீரும் சேர்ந்தால் பசு முதல் வளைவிலேயே விழும். விழுந்த பசு எழ முயலும்போதே பெட்டி கவிழ்கின்றது. கயிற்றை ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சாகவே இடுக. மாடு கொண்டு செல்லுமுன் உரிய அனுமதிப்பத்திரத்தையும் மிருக வைத்தியரின் சான்றையும் பெற்றுக் கையில் வைத்திருத்தல் வேண்டும். 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டம் இதனைப் பற்றியது. வாங்கியது சொந்தப் பசுவே என்று வழியில் மறிப்பவரிடம் வாயாற் கூறினால் போதாது.

செலவின் கணக்கு

ஓர் ஏக்கரில் எழுபது புசல் நெல் விளைந்தால், புசல் ஒன்று ஏறத்தாழ 21 கிலோவாக, ஒன்றரைத் தொன்னுக்குச் சற்றுக் குறையும். பெட்டியில் ஒரு நடைக்கு 500 கிலோ ஏற்றினாலும் மூன்று நடையே. பெரும்போகமும் சிறுபோகமும் சேர்ந்து ஆறு நடை. பசளை, வைக்கோல், விதை என்று இன்னும் ஆறு வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் நெல் மட்டும் உடையவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு நடைக்காக வண்டி வாங்குதல் தகுமா? வாடகைக்குப் பிடிப்பதே இலாபம் என்பது கணக்கின்றியே தெரியும். போஞ்சியும் தக்காளியும் பயிரிட்டு, அறுவடைக் காலத்தில் வாரம் இருமுறை சந்தைக்கு அனுப்புபவர் கணக்கு வேறு.

ஒரு கொப்பியை எடுத்துச் சென்ற ஆண்டில் வாடகையாகக் கொடுத்த தொகை அனைத்தையும் எழுதுங்கள். மறுபக்கத்தில் வாங்கக் கருதும் வண்டிக்கு ஓராண்டிற் கட்டவேண்டிய தவணைப்பணம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், டயர், எண்ணெய், திருத்தக்கூலி ஆகியவற்றை எழுதுங்கள். வண்டி ஆண்டுதோறும் விலையிழப்பதற்காக அதன் விலையிற் பத்திலொரு பங்கையும் சேருங்கள். இரண்டாம் பக்கம் மிகுந்தால் வாங்காதீர்கள். அயலவரும் தத்தம் கணக்கை எழுதிக் கொணர்ந்தால், கமக்காரர் அமைப்பின் வாயிலாகப் பலர் சேர்ந்து ஒன்றை வாங்குதல் கூடுமா என்று ஆராயலாம். சேர்ந்து வாங்குமிடத்து ஓட்டுபவர் ஒருவரே என்றும், திருத்தச் செலவு இன்னவாறு பகிரப்படும் என்றும் முதலிலேயே எழுதிக் கையொப்பமிடுக. கூட்டு வண்டிகள் பழுதாவது இயந்திரக் கோளாற்றால் மட்டுமன்று.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இலேயே படிப்படியாக மீண்டும் திறக்கப்பட்டமையால், இடைக்காலத்திற் பழைய வண்டிகள் விலையேறின. தேய்ந்த வண்டிகளும் வர்ணம் பூசப்பட்டுக் கைமாறின. 2022 இல் எரிபொருள் தட்டுப்பட்டு வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று பங்கிடப்பட்டபோது, அதிகம் குடிக்கும் வண்டி உடையோர் மரக்கறியைத் தோட்டத்திலேயே அழுகவிட நேர்ந்தது. ஆகவே பழையது வாங்குவோர் வர்ணத்தைப் பாராமல், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதைத் தாமே ஓட்டிப் பார்த்து அறிதல் வேண்டும்.

பழையதைச் சோதிக்கச் சமநிலத்துக்குச் செல்லாதீர்கள். விற்பவர் அங்கேயே அழைத்துச் செல்வார். ஏற்றம் ஒன்றின் நடுவில் பாரத்துடன் நிறுத்திக் கைத்தடுப்பை இழுத்து விடுங்கள். ஐந்து நிமிடம் அசையாது நிற்கவேண்டும். பின்னர் அங்கிருந்தே மீண்டும் புறப்படுங்கள். கிளச்சு வழுக்கினால் இயந்திரம் இரையும், வண்டி நகராது, கருகிய வாடை வரும். கொளுவி பூட்டப்பட்ட இரும்பைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டியது மந்தமாக ஒலித்தால் உள்ளே துரு உண்டு. ஒட்டுவித்த இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு உள்ளதா என்று விளக்கொளியிற் பாருங்கள். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துள் உள்ள நான்கு இலக்கங்களுள் பின்னிரண்டும் அது செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும். பூ தேயாதிருந்தும் பத்தாண்டு கடந்த டயர் பாரத்தில் வெடிக்கும். பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கமும் சட்டத்தில் வெட்டப்பட்ட இலக்கமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். குத்தகைக் கம்பனி ஒன்றின் பெயர் உரிமையாளராக அதில் இருந்தால், அது நீக்கப்படும்வரை பணம் கொடுக்க வேண்டாம்.

ஓட்டுபவரிடம் உரிய சாரதி அனுமதிப்பத்திரம் இருத்தல் வேண்டும். இருசில்லு இயந்திரத்துக்கு ஜி-1 வகையும், நாற்சில்லு இயந்திரத்துக்கு ஜி வகையும் உரியன. மோட்டார்க் கார் ஓட்டும் பத்திரம் இவற்றுக்குச் செல்லாது; விபத்து நேர்ந்த பின்னரே பலர் இதனை அறிகின்றனர், அப்போது காப்புறுதிப் பணமும் கிடைப்பதில்லை. பெட்டியின் பின்னால் இரு சிவப்பு விளக்கும் ஒளிதெறிக்கும் தகடும் வேண்டும். மாலையிற் பனிமூட்டம் இறங்கும் புசல்லாவைப் பக்கத்தில் விளக்கற்ற பெட்டியைப் பின்வரும் லொறிக்காரர் காண்பதற்கு வழியில்லை. அறுவடை முடிந்து திரும்பும்போது மூட்டையின்மேல் ஆட்களை ஏற்றி வருவதையும் நிறுத்துதல் வேண்டும்.

புதிதாக வாங்கிய பெட்டியின் முதல் நடையைப் பாதிப் பாரத்துடன் கம்பளையிலிருந்து கெலிஓயா வரை ஓட்டி, அங்கே நிறுத்திச் சில்லின் நடுக்குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாயிருப்பின் நன்று. கை வைக்கவியலாத சூடாயின் உருளைகள் தேய்ந்துள்ளன, அல்லது தடுப்புப் பட்டை உராய்கின்றது. அவற்றைத் திருத்தாமல் மலைப்பக்கம் திருப்ப வேண்டாம். பெட்டியும் வண்டியும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பதில் ஐயமுடையோர், விலை பேசி முற்பணம் கொடுக்குமுன், இரண்டின் எடையையும் எழுதிக்கொண்டு தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் கண்டு கேட்டறியலாம்.